சுண்ணாம்பாற்று மணல்திட்டில் கடலில் இறங்கும் முன்

எங்கள் சொந்தத்தில் யார் புதுச்சேரிக்கு வந்தாலும், வந்த மறுநாளே பாரடைஸ் பீச் போகணும் என்பார்கள். ஈரோட்டில் இருந்து வரும் நாத்தனார் குடும்பமும் சரி, ஓசூரில் வேலை பார்க்கும் தம்பியின் நண்பர்களும் சரி, அதில் மாற்றமே இல்லை. எனக்கு வீடு அரியாங்குப்பத்தில். நோணாங்குப்பம் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. பிறந்த ஊர் வீராம்பட்டினம். அப்பாவும் சித்தப்பாவும் கடல் தொழில் பார்த்தவர்கள். அதனால் தண்ணீரைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். படகு கிளம்புகிற அவசரத்தில் பாதி சொல்வேன், பாதி விட்டுப்போகும். இந்தத் தடவை முழுதாக எழுதி வைத்துவிடுகிறேன்.

கடலில் இறங்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் கடலில் நீந்துகிறவள். என் பெண்ணையும் சின்ன வயதிலேயே தண்ணீரில் விட்டேன். பெண் பிள்ளைக்கு எதற்கு நீச்சல் என்று கேட்டவர்களுக்கு அன்றும் பதில் சொன்னேன், இன்றும் சொல்வேன். கடற்கரையில் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றி விடுவது சுலபம். ஆனால் அப்படி விரட்டப்பட்டவர்கள் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் போய் இறங்குகிறார்கள். தெரிந்து இறங்குவதுதான் நல்லது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, புதுச்சேரிக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அரியாங்குப்பம் ஆறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. நோணாங்குப்பத்தில் படகு ஏறினால் ஆற்றோடு போய், ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அதுதான் பாரடைஸ் பீச். தீவு என்று எல்லோரும் சொன்னாலும், அது ஆறும் கடலும் சேர்ந்து குவித்த மணல்திட்டு. ஒரு பக்கம் அலையே இல்லாத ஆற்றுநீர், மறுபக்கம் வங்கக்கடல். இரண்டுக்கும் நடுவில் நீளமாக வெள்ளை மணல். பார்க்க அத்தனை அழகு. அந்த அழகைச் செய்கிற மணலும் ஓட்டமும்தான் ஆபத்தையும் செய்கின்றன. மணல் ஓரிடத்தில் நிற்காது. போன மாதம் இடுப்பளவு இருந்த இடத்தில் இந்த மாதம் ஆள் மூழ்கும் குழி இருக்கும். "போன தடவை இங்கதான் குளிச்சோம்" என்ற பேச்சுக்கு இந்தத் திட்டில் மதிப்பே கிடையாது.

கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகியவர்கள் ஆழத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். "முட்டிக்கால் தண்ணிதானே அக்கா" என்பார்கள். பவானிப் பக்கம் வாய்க்காலில் பாலத்தில் இருந்து குதித்து விளையாடிய பையன்கள் கடலைப் பார்த்ததும் ஓடிப்போய் விழுவார்கள். கடலில் ஆழத்தைவிட ஓட்டம்தான் ஆளை எடுத்துக்கொண்டு போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் மாட்டுவது, எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான்.

சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், காலை நனைக்காமல் பார்ப்பது. மணல் மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு கால் மணி நேரம் கடலைப் பார்க்கச் சொல்வார். அவசரப்பட்டால், "கடல் எங்கயும் போவாது பாப்பா, நில்லு" என்பார். பார்க்க வேண்டியது இதுதான். வெள்ளையாக நுரைத்து அலை உடைகிற இடத்தில் அடியில் மணல் மேடு இருக்கிறது, அங்கே தண்ணீர் குறைவு. இரண்டு வெள்ளைக்கு நடுவில் அலை உடையாமல், கொஞ்சம் கறுத்து, மேலே சிலுசிலுவென்று சின்ன நெளிவோடு ஒரு சந்து மாதிரி தெரிந்தால், அதுதான் இழுக்கிற இடம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வழி தேடும். மணல் மேட்டில் எங்கே வெட்டு விழுந்திருக்கிறதோ அந்த வழியாக மொத்தமும் சேர்ந்து கடலுக்குள் ஓடும். நுரையும் குப்பையும் கலங்கல் மண்ணும் கரையை விட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சரியாக அந்தச் சந்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அலை இல்லையே, குழந்தைகளுக்கு நல்லது என்று அங்கே போய்க் கூடாரம் போடுகிறார்கள். எத்தனையோ குடும்பங்களை அங்கிருந்து எழுப்பி நகர்த்தியிருக்கிறேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கண்ணால் பார்த்துப் புரியாவிட்டால் சித்தப்பாவிடம் இன்னொரு வழி இருந்தது. காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் வீசுவார். அது அலையோடு கரைக்கே திரும்பி வந்தால் நல்லது. கரையை ஒட்டியே வடக்காகவோ தெற்காகவோ போனால் பக்கவாட்டு ஓட்டம் இருக்கிறது. அங்கே குளிக்கலாம், ஆனால் நாம் இறங்கிய இடத்தை விட்டுத் தள்ளிப்போய்க்கொண்டே இருப்போம். அதனால் கரையில் ஒரு குடையையோ சிவப்புத் துண்டையோ அடையாளமாக வைத்துக்கொண்டு அடிக்கடி திரும்பிப் பார்த்து, வெளியே வந்து நடந்து பழைய இடத்துக்குப் போய் மறுபடி இறங்கணும். மட்டை நேராக உள்ளே போனால் அந்த இடமே வேண்டாம். தேங்காய் மட்டைக்குத் திட்டில் பஞ்சம் கிடையாது, எல்லோரும் செய்து பார்க்கலாம். குழந்தைகளுக்கு இது பெரிய விளையாட்டு. என் பெண் ஓட்டம் என்றால் என்ன என்று இப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

சரி, மீறி இழுப்பில் மாட்டிக்கொண்டால்? வேகமான இழுப்பு நொடிக்கு 2 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீந்துகிறவர்களின் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கரையைப் பார்த்து நேராக நீந்தி ஜெயிக்க முடியாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: இழுப்பு ஆளை வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் அமுக்காது. அலை உடைகிற வரிசையைத் தாண்டினால் அதன் வேகம் தானாகக் குறைந்துவிடும். அதனால் மல்லாந்து மிதந்து, மூச்சை ஒழுங்காக்கி, ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். நீந்தத் தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். வெள்ளையாக அலை உடைகிற இடம் வந்ததும் கரை நோக்கித் திரும்பினால், அந்த அலைகளே உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். மல்லாந்து மிதக்க வராத ஒருவர் இடுப்புக்கு மேல் கடலில் போகவே கூடாது என்பது என் கட்சி. மிதப்பதை ஊரில் கிணற்றிலோ குளத்திலோ பழகிக்கொண்டு வாருங்கள். அது வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முகத்துவாரம் வேறு கதை. ஆறு கடலில் விழுகிற வாய்ப்பகுதியில் நீந்தவே கூடாது, முட்டிக்கால் தண்ணீர் என்றாலும் சரி. கடல் வற்றும் நேரத்தில், ஏற்றத்தில் உள்ளே ஏறிய தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் வெளியேறும். நம் கரையில் ஏற்றவற்றம் பெரிதில்லை, சுமார் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் வாய் குறுகல் என்பதால் அந்தக் கொஞ்சமே பயங்கரமாக ஓடும். மேலே பார்த்தால் ஆற்றுநீர் சாதுவாகத்தான் தெரியும். காலடி மணல் கரைந்து போய்க்கொண்டே இருக்கும். நின்ற இடமே குழியாகும். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், அங்கே கெடிலம் கடலில் கலக்கிற பக்கம் ஒதுங்காதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னும் மோசம். மேலே வீடூர் அணை திறந்தால் சங்கராபரணியில் வருகிற வெள்ளம் இந்த வழியாகத்தான் இறங்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கு அடுத்த வாரங்களில் ஆற்றில் மரக்கட்டையும் வேலிக்கம்பியும் உடைந்த சாமானும் மிதந்து வந்தன. வெள்ளம் வடிந்து வெயில் அடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கலங்கிய தண்ணீரில் காலில் எது குத்தும் என்று தெரியாது. மணல்திட்டின் வடிவமே மாறியிருக்கும். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வருகிறவர்கள் திட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்தாலே போதும். பிப்ரவரி, மார்ச்சில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். குளிக்க எனக்குப் பிடித்த மாதங்கள் அவைதான்.

கோடையில் பகல் ஏறஏறக் கடல்காற்று எழும்பி அலை கலைந்து கிடக்கும், ஆகவே முதல் படகிலேயே போய்விடுவது உத்தமம். ஆனால் ஜூன், ஜூலை காலையில் வேறொரு விஷயம் இருக்கிறது. அப்போது மேல்காற்று, அதாவது நிலத்தில் இருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையோரம் கடல் கண்ணாடி போல அமைதியாக இருக்கும். காற்று ஊதிய ரப்பர் வளையம், வாத்து பொம்மை மிதவை எல்லாம் அந்தக் காற்றில் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். குழந்தை உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருக்கும், நாம் கவனிப்பதற்குள் எட்டாத தூரம் போயிருக்கும். காற்றடைத்த மிதவைகளை ஆற்றுப்பக்கம்கூட நான் விடுவதில்லை. வீட்டில் மொட்டைமாடித் தொட்டியில் வைத்துக்கொள்ளட்டும்.

வானமும் காற்றும் நன்றாக இருக்கும்போதே பேரலை வருகிற நாட்களும் உண்டு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலைகள் நாட்கணக்கில் பயணப்பட்டு இங்கே வந்து சேரும். கேரளத்தில் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படியான அலையில்தான். அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை, ஐந்தும் வளர்ந்த பிள்ளைகள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் உயர் அலை எச்சரிக்கையை மாவட்டம் வாரியாகக் கொடுக்கிறது. கிளம்பும் முன் வானிலை பார்க்கிற மாதிரி அதையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிற நாளில் குளிக்கப் போகிறவர்களுக்கு என்ன வேலை?

அடுத்தது உடை. இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. புடவையோடும், துப்பட்டா போட்ட சுடிதாரோடும் பெண்கள் கடலில் இறங்குகிறார்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் தீர்த்தவாரிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். நனைந்த புடவை கால்களைச் சுற்றிக் கட்டிப் போட்டுவிடும். அலை திரும்பும்போது துணியில் ஏறிய தண்ணீரும் சேர்ந்து ஆளை இழுக்கும். துப்பட்டா கழுத்தில் சுற்றும், பக்கத்தில் நிற்கிறவர் கையில் சிக்கும். வரிசையாகக் கைகோத்து நிற்பதும் பாதுகாப்பு இல்லை. ஒருவர் சாய்ந்தால் எல்லோரும் சாய்கிறார்கள், அடியில் போன பிள்ளை மேல் நாலு பேர் விழுகிறார்கள். உடம்போடு ஒட்டிய லெகிங்ஸும் முழுக்கை டீ-ஷர்ட்டும் போதும், மானத்துக்கும் குறைவில்லை, வெயிலுக்கும் நல்லது. என் மாமியாரே இப்போது அப்படித்தான் இறங்குகிறார். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகப் பயமில்லாமல் அலையில் உட்கார்ந்தேன் என்று ஊரெல்லாம் போனில் சொன்னார்.

உட்காருவது என்றதும் இன்னொன்று. திட்டின் கடல்பக்கம் கரை சரிவு அதிகம். அலை தூரத்தில் உடையாமல் காலடியில் வந்து பொத்தென்று மடங்கி விழும். அதற்கு முதுகு காட்டக் கூடாது. தலைகுப்புறப் பாய்வது அறவே கூடாது, மணலில் தலை மோதினால் கழுத்தெலும்பு போய்விடும். உடைகிற வரிசையில் பிள்ளைகளை உட்கார வைத்து போட்டோ எடுக்காதீர்கள். செல்ஃபிக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி. படகில் ஏறும்போது ஆளுக்கொன்று கொடுப்பார்கள். நிறையப் பேர் அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, போட்டோ முடிந்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். வளர்ந்த ஆள் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்க நாலைந்து கிலோ தூக்குவிசை இருந்தாலே போதும், அதற்குத்தான் ஜாக்கெட். ஆனால் அது உடம்போடு இருந்தால்தானே தூக்கும். எல்லாக் கொக்கியையும் மாட்டி, பட்டைகளை இழுத்து இறுக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவரை விட்டு இரண்டு தோள்பட்டையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி மேலே வந்தால் அது உங்களுக்குப் பெரிசு. குழந்தைகளுக்குக் காலிடுக்கு வழியாக வரும் பட்டை இருக்க வேண்டும். ஒருமுறை ஓரிடத்தில் என் நாத்தனார் பையனுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைக் கொடுத்து, "கயித்தால கட்டிக்கலாம்மா" என்றார்கள். பையனைப் போட்டு ஆற்றோரத்தில் கழுத்தளவு நிறுத்திப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும் மேலே போனது, பையன் முகம் உள்ளே புதைந்தது. அன்று அந்தச் சவாரியை விட்டுவிட்டோம். பையன் அழுதான், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். கொடுத்த காசை விட்டுவிட்டு வரத் தயங்காதீர்கள்.

வாட்டர் ஸ்போர்ட்ஸில், துடுப்பு போட்டுப் போகிற சின்னப் படகான கயாக்தான் என் விருப்பம். ஆற்றுப்பக்கம், ஓரத்து அலையாத்திச் செடிகளை ஒட்டித் துடுப்பு போட்டுக்கொண்டு போனால் நாரைகளும் மீன்கொத்திகளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். போகும்போது ஓட்டத்துக்கு எதிராகப் போய், களைத்த பின் ஓட்டத்தோடு திரும்பி வர வேண்டும். மாற்றிச் செய்தால் திரும்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். முகத்துவாரம் கண்ணில் பட்டதுமே திருப்பிவிடுங்கள். கவிழ்ந்தால் கயாக்கை விடாதீர்கள், அது மிதக்கும். நீங்கள் நீந்தி எங்கும் போக வேண்டாம்.

மோட்டார் படகு கயிற்றால் இழுத்துப் போகிற, வாழைப்பழ வடிவக் காற்று மிதவையான பனானா போட்டில், நடுத்தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து விடுவதைத்தான் வேடிக்கை என்று வைத்திருக்கிறார்கள். ஏறும் முன்பே "அண்ணா, கவுக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம், கேட்பார்கள். விழுந்துவிட்டால் இருந்த இடத்திலேயே மிதந்து கையைத் தூக்குங்கள். இழுக்கிற படகின் பின்பக்கமாகப் போய் ஏறப் பார்க்கவே கூடாது, அங்கே இன்ஜினின் விசிறி சுற்றும். தண்ணீரில் பைக் மாதிரி ஓட்டுகிற ஜெட் ஸ்கீ ஓட்டினால், இன்ஜினை நிறுத்தும் கயிறு மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விழுந்தால் வண்டி தானாக நிற்பது அதனால்தான். இன்னொன்று, பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது: ஜெட் ஸ்கீயில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் திருப்பவும் வராது. எதிரே ஆள் வந்தால் பயத்தில் கையை எடுத்துவிடுவார்கள், வண்டி நேராகப் போய் இடிக்கும். பதினாறு வயதுப் பையன்கள் கையில் அதைக் கொடுக்காதீர்கள். முதுகில் காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்துகிற ஸ்கூபா போகிறவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுப்பவர்களே விளக்குவார்கள். என் பங்குக்கு இரண்டுதான். தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கக் கூடாது. ஆழ்கடலில் இருந்து வந்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாதீர்கள், சென்னையில் ராத்திரி ஃபிளைட் வைத்துக்கொண்டு காலையில் ஸ்கூபா வேண்டாம்.

குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனசில்லை. புதுச்சேரி என்றாலே அதற்குத்தான் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். குடித்த அன்று தண்ணீர் வேண்டாம், அவ்வளவுதான். கூட வந்தவர்கள் பிடித்து நிறுத்துங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

குழந்தைகளோடு குளிக்க மட்டும் வருகிறவர்களை இப்போதெல்லாம் சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச்சுக்கு அனுப்புகிறேன். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குக் கொடுக்கப்படும் சர்வதேச நீலக்கொடி அங்கீகாரம் 2021இல் கிடைத்த கடற்கரை அது. குளிக்க எல்லை பிரித்து உயிர்காப்பாளர்களை நிறுத்துவது அந்த அங்கீகாரத்தின் நிபந்தனைகளில் ஒன்று. சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிற கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. நகரத்தில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் கருங்கல் கொட்டியிருக்கிற ஓரங்களில் காலை வைக்காதீர்கள், பாசி வழுக்கும், அலை கல்லில் அடிக்கும்.

சித்தப்பா திட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு மஞ்சள் எண்ணெய் கேன் இருக்கும். காலியான 5 லிட்டர் கேன், மூடியை இறுக்கிச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றியிருப்பார். கைப்பிடியில் நீல நைலான் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மணிக்கட்டு போகிற அளவுக்கு ஒரு சுருக்கு. கேனில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் விட்டிருப்பார், அப்போதுதான் காற்றில் திரும்பாமல் வீசிய இடத்தில் போய் விழும். அதைப் பிடித்துக்கொண்டால் ஒரு ஆள் மிதக்கலாம். இப்போது அதே மாதிரி ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது, பீச் பையில் துண்டோடு அதுவும் போகும். யாராவது தத்தளித்தால் நம் மனசு உடனே குதிக்கத்தான் சொல்லும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாமவர், மூன்றாமவர் என்று போவது அப்படித்தான். மூழ்குகிறவர் கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், உங்களையும் சேர்த்துத்தான். முதலில் உயிர்காப்பாளரையோ படகுக்காரரையோ கூப்பிடுங்கள். கேனை, கயிற்றை, ஜாக்கெட்டை வீசுங்கள். ஆள் எந்தப் பக்கம் போகிறார் என்று கண்ணை எடுக்காமல் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய் தண்ணீர்மட்டத்தில் இருக்கும்போது மூச்சு வாங்கவே நேரம் இருக்காது, கத்துவது எங்கே? தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, முடி கண்ணை மறைத்து, ஏணி ஏறுகிறவர் மாதிரி கைகள் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அதனால் குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒருவர் போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் முறை வைத்துப் பேர் சொல்லி மாற்றிக்கொள்வோம்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நம் ஊரில் நடப்பதைப் பார்த்தால் மனசு பதறும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். போகிற நேரம்தான் மிச்சம், வயிற்றில் இருப்பது நெஞ்சுக்குள் போகவும் வழியாகும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, நெற்றியைச் சாய்த்துத் தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது காற்று. பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்குகிற மாதிரி 30 முறை அமுக்கி, மறுபடி இரண்டு ஊது. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். மூச்சு இருந்து மயக்கம் மட்டும் என்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், "சரியாயிடுச்சு" என்று லாட்ஜுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

திட்டில் இருந்து வெளியே வர எல்லோருக்கும் படகுதான், ஆம்புலன்ஸ் அங்கே வராது. ஆகவே இறங்கியதுமே எந்தப் படகு அங்கே நிற்கிறது, அதன் ஆள் யார், அவர் நம்பர் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸுக்கு 1093. கூப்பிடும்போது "பாரடைஸ் பீச்" என்பதோடு "சுண்ணாம்பாறு, நோணாங்குப்பம் படகுத்துறை" என்றும் சொன்னால், ஆம்புலன்ஸ் படகுத்துறைக்கு வந்து நிற்கும். அதற்குள் நீங்களும் படகில் அங்கே வந்து சேர்ந்துவிடலாம்.